அத்தாவுல்லாவின் உமிரி

ராயபுரத்தில் அத்தாவுல்லா பாய் பெயரில் ஒரு செடி இருந்தது. அவர் வீட்டுத் தொட்டிச் செடியைச் சொல்லவில்லை. லத்தீனில் பெயர் வைத்து, படம் வரைந்து, ஆராய்ச்சிப் பத்திரிகையில் அச்சடித்து, உலகத்துத் தாவரவியல்காரர்கள் எல்லாரும் பார்த்துத் தலையாட்டிய செடி. சுவேடா அத்தாவுல்லாஹி என்று பெயர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷனுக்கு இப்படி ஒரு யோகம் எப்படி அடித்தது என்று கேட்காதீர்கள். அவருக்கு வாய்த்த மனைவி அப்படி. ஷரீஃபுன்னிசா தாவரவியல் பேராசிரியை. நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவள் மூக்கு ஏதாவது ஓர் இலைக்குள்தான் இருந்தது.

அவள் ஆராய்ச்சி செய்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கூடப் படித்தவர்கள் நீலகிரி, ஆனைமலை என்று ஏறி, பனியில் நனைந்து, ஆர்க்கிட் பூவைப் படமெடுத்துக்கொண்டு திரும்புவார்கள். இவள் டோல்கேட்டில் பஸ் ஏறி எண்ணூருக்குப் போவாள். கழிமுகத்துச் சேற்றில் இறங்கி, உமிரி என்கிற உப்புச்செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முழங்கால் உயரம் வரும். குண்டு குண்டாய்ச் சின்ன இலை. வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். கீரையாகக் கடைந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "அழகா பூக்குற செடிய யாரு வேணா பாப்பாங்க" என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள். வேலை முடிந்து திரும்பும்போது சேலைக் கரையெல்லாம் சேறாக இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அதுவும் அவளுக்கு வசதிதான், கால் நீட்டிக்கொள்ளலாம்.

பிறகு அத்தாவுல்லா ஒரு மொபெட் வாங்கினார். விடுமுறை நாட்களில் அவரே கொண்டுபோய் விட்டு, ரோட்டோரமாகக் குடை பிடித்துக் காத்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது. அத்திப்பட்டுக்குப் பின்னால், அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து கிடந்த ஒரு வெளி. மூடுபனியோ புகையோ, எதுவென்று தெரியாத ஒரு வெளுப்பு. வானமும் தரையும் ஒரே நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் அவள் நடந்துகொண்டே இருந்தாள். காலடிச் சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. தூக்கத்தில் நடக்கிறோமோ என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது. அப்போது காலுக்குக் கீழே சிவப்பாகத் தெரிந்தது. பீட்ரூட் சிவப்பு. தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரி ஒரு செடி, விரல் உயரம்கூட இல்லை. குனிந்து பார்த்தாள். உமிரி ஜாதிதான், ஆனால் இப்படிக் குள்ளமாய், இப்படிச் சிவந்து, இவ்வளவு பொடி விதையோடு ஓர் உமிரியை அவள் பார்த்ததே இல்லை.

"ஏங்க! இங்க வாங்க!" என்று கத்தினாள். அத்தாவுல்லா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "இன்னா, பாம்பா?" என்று கேட்டார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயந்துபோய்விட்டார் மனுஷன்.

அந்தத் தொழிலில் தன் பெயரைத் தானே செடிக்கு வைத்துக்கொள்வது அசிங்கம். பிறர் பெயர்தான் வைக்க வேண்டும். பெரிய விஞ்ஞானிகள் பெயர் வைக்கலாம், உதவி செய்தவர்கள் பெயர் வைக்கலாம். ஷரீஃபுன்னிசா யோசிக்கவே இல்லை. குடை பிடித்துக் காத்திருந்தவர் பெயரை வைத்தாள். ஆயிற்று, ராயபுரத்துக்கே தெரிந்துவிட்டது. அத்தாவுல்லா போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். ரேஷன் கடை வரிசையில்கூடக் காட்டினார். அவர் கொஞ்சம் குள்ளம். டீக்கடை சுப்புராயன் விடுவாரா? "பாய் குள்ளம், செடியும் குள்ளம். மேடம் பாத்துதான் வெச்சிக்கீறாங்க" என்றார். அத்தாவுல்லாவே அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார்.

இப்படியே சில வருஷம் நன்றாகப் போயிற்று. ஷரீஃபுன்னிசா ஓய்வு பெறப் போகிற வருஷத்தில் ஜூடி போன் செய்தாள்.

ஜூடி அவளிடம் படித்தவள். இப்போது தூத்துக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். இந்தியக் கரையோரத்து உமிரிகளையெல்லாம் எடுத்து, மரபணுவைப் பிரித்துப் பார்த்து, எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கிற வேலை. இரண்டு வருஷமாக அதுவே உயிராய் இருந்தாள். போனில் முதலில் சாப்பிட்டீர்களா, மழை உண்டா என்று கேட்டாள். சுற்றி வளைக்கிறாள் என்று ஷரீஃபுன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லு ஜூடி."

"மேடம்... உங்க செடியும் சாதா உமிரியும் ஒண்ணாத்தான் வருது. மூணு தடவை பார்த்துட்டேன். நான் எங்கயாவது தப்புப் பண்ணியிருக்கலாம். கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"மரபணு மட்டும் போதாது. வளர்த்துப் பாத்தியா?"

"இல்ல மேடம்," என்றாள் ஜூடி. பிறகு மெதுவாக, "நீங்க?" என்றாள்.

ஷரீஃபுன்னிசா போனை மறு காதுக்கு மாற்றினாள். கெட்ட மண்ணில் கிடைத்த செடியை நல்ல மண்ணில், நல்ல தண்ணீரில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் குள்ளமாகவே இருந்தால்தான் அது தனி இனம். வளர்ந்துவிட்டால் அது பழைய செடியேதான். இருந்த இடம் அதைக் குறுக்கிவிட்டது, அவ்வளவுதான். முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு அவள் கரும்பலகையில் எழுதிப்போடுகிற பாடம் இது. அந்த ஒன்றை அவள் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? ஆசை. வேறு என்ன? வாழ்நாளில் ஒரே ஒரு புது இனம் கண்ணில் பட்டது, அதை யாராவது பிடுங்கிக்கொள்வதற்குள் பெயர் வைத்துவிட வேண்டும் என்கிற அவசரம்.

"இப்ப வளர்க்கிறேன்," என்றாள். "கொஞ்ச நாள் பொறு."

மொட்டைமாடியில் இரண்டு வரிசை தொட்டி வைத்தாள். ஒரே மூட்டைச் செம்மண். ஒரு வரிசையில் சாம்பல் வெளிச் செடியின் விதை, இன்னொரு வரிசையில் சாதா உமிரியின் விதை. இரண்டுக்கும் குழாய்த் தண்ணீர். காலையில் அவளுக்குக் கல்லூரி இருந்ததால் தண்ணீர் ஊற்றுகிற வேலை அத்தாவுல்லாவுக்கு. அவரை நிறுத்திவைத்து விளக்கமும் சொன்னாள்.

"இந்த வரிசைதான் உங்க செடி. இது குள்ளமாவே இருந்துச்சுன்னா உங்க பேரு நிக்கும். வளந்துச்சுன்னா போச்சு."

பைத்தியக்காரி! சோதனையில் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு எது எது என்று சொல்லவே கூடாது. அதுவும் அவள் நடத்துகிற பாடம்தான். ஆனால் கட்டினவரிடம் போய் யார் அதையெல்லாம் பார்ப்பார்கள்? அத்தாவுல்லா தொட்டிகளை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். "சரி, நான் பாத்துக்கறேன்," என்றார்.

அந்தக் கோடை முடிந்து ஆடிக்காற்று வீசிய நாட்கள் ஷரீஃபுன்னிசாவுக்கு ஒரே மயக்கமாகப் போயின. கல்லூரியிலிருந்து வந்ததும் முகம் கழுவி மாடிக்குப் போய்விடுவாள். கிழக்கே துறைமுகத்துக் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். கப்பல் ஒன்று நீளமாக ஊதும். சத்தம் வந்து சேர்வதற்குள் அது எந்தக் கப்பல் என்று தெரியாமல் போய்விடும். வடக்கே மணலி ஆலைகள் பக்கம் வானம் லேசாக மஞ்சள் பூசிக்கொண்டு இருக்கும். காற்றில் மீனும் தாரும் கலந்த ஒரு வாசனை. கண்ணை மூடினால் அந்தச் சாம்பல் வெளி வரும், வெளுப்புக்கு நடுவே சிவப்பு விரிந்துகொண்டே போகும். ரோடு தாண்டி, ரயில் பாதை தாண்டி, ராயபுரத்துச் சந்துக்குள் நுழைந்து, படியேறி, அவள் காலடி வரைக்கும் வந்துவிடும். விழித்துப் பார்த்தால் கட்டில் போட்டுப் படுத்திருப்பாள், பக்கத்தில் அத்தாவுல்லா டீ கிளாஸோடு உட்கார்ந்திருப்பார்.

முதலில் இரண்டு வரிசையும் ஒரே மாதிரிதான் முளைத்தன. பிறகு சாதா உமிரி விறுவிறுவென்று எழும்பியது. மற்ற வரிசை எழும்பவில்லை. தரையோடு படுத்தது. ஓரத்தில் சிவப்புக் கட்டியது. ஷரீஃபுன்னிசா ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னா, தானா சிரிச்சிகினு கீற?" என்றார் அத்தாவுல்லா.

"நிக்குதுங்க. உங்க பேரு நிக்குது."

"மாஷா அல்லாஹ்," என்றார் அவர். வேறு ஒன்றும் சொல்லாமல் கிளாஸை எடுத்துக்கொண்டு கீழே போனார். மனுஷனுக்கு இப்போதெல்லாம் அடக்கம் வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஜூடி கூப்பிட்டாள். "சின்னதாத்தான் இருக்கு ஜூடி," என்றாள் ஷரீஃபுன்னிசா. குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட இல்லை. "அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் மேடம். உங்க செடி விஷயத்துல என் கணக்கு தப்பாச்சுன்னா மத்ததையும் நம்ப முடியாது. கட்டுரையை நிறுத்திடறேன்," என்றாள் ஜூடி. இரண்டு வருஷ உழைப்பு. பாவம், சின்னப் பெண், கற்றுக்கொள்வாள் என்று இவள் ஆறுதலும் சொன்னாள்.

தாவரவியல்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் கிள்ளி வாயில் போடுவார்கள். அன்று சாயங்காலம் ஷரீஃபுன்னிசா ஏதோ ஞாபகத்தில் உயர்ந்த வரிசையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி மென்றாள். சப்பென்று இருந்தது. இருக்க வேண்டியதுதான், குழாய்த் தண்ணீர் குடித்த செடிக்கு உப்பு எங்கிருந்து வரும்? அதே ஞாபகத்தில் குள்ள வரிசையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினாள். நாக்கில் பட்டதும் சுரீரென்றது.

அவள் மெல்வதை நிறுத்தினாள். விரலால் தொட்டி மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. அடுத்த தொட்டி, அதற்கடுத்த தொட்டி, எல்லாம் உப்பு. சாதா வரிசையில் ஒரு தொட்டியில்கூட இல்லை. ஒரே மூட்டை மண், ஒரே குழாய். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சர்க்கரை வியாதிக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அதனால் அத்தாவுல்லா விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு நேரே காசிமேட்டுக் கடற்கரை வரைக்கும் போய்விட்டுத்தான் வீடு திரும்புவார். நடக்கிறாரே, நல்லது என்று அவள் இருந்துவிட்டாள். மறுநாள் விடியும்போது அவள் மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. கடல் பக்கம் மட்டும் பால் நிறத்தில் ஒரு கோடு. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தாவுல்லா ஒரு துணிப்பையோடு வந்தார். பையிலிருந்து பெரிய கூல்டிரிங்க் பாட்டில் ஒன்றை எடுத்தார். குள்ள வரிசை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தொட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தைக்குப் பால் புகட்டுகிற பக்குவத்தில் கடல் தண்ணீரை ஊற்றினார்.

"வளந்துடாதீங்கடா கண்ணுங்களா," என்றார் செடிகளிடம். "இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் புடிங்க. அம்மா ரொம்ப சந்தோசமா கீறா."

ஷரீஃபுன்னிசா டேங்கில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவர் கீழே போன பிறகும் அவளால் நகர முடியவில்லை. கோபம் வந்தது. வந்த வேகத்தில் அழுகையும் வந்தது. எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்றே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் கொடுமை. சும்மா இருந்தால் போதும் என்று மனசு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஜூடி நம்பிவிட்டாள். வேறு யார் வந்து இந்த மாடியில் மண்ணை நக்கிப் பார்க்கப் போகிறார்கள்? ஓய்வு பெறுகிற நாளில் மாலை போடுவார்கள், புது இனம் கண்ட பேராசிரியை என்று பேசுவார்கள், முன்வரிசையில் அத்தாவுல்லா உட்கார்ந்திருப்பார். இன்னொரு பக்கம் ஜூடியின் குரல் கேட்கும். நிறுத்திடறேன் மேடம். சாப்பிட உட்கார்ந்தால் கேட்கும், பஸ்ஸில் கேட்கும், வகுப்பில் பாதி வாக்கியத்தில் கேட்கும்.

இன்னொன்றும் இருந்தது, அதுதான் அவளை அதிகமாக அறுத்தது. அந்தச் சாம்பல் வெளிச் செடி குள்ளமாகப் பிறந்த செடியே இல்லை. நல்ல இடத்தில் விழுந்திருந்தால் முழங்கால் உயரம் வந்திருக்கும் சாதா உமிரி. மூச்சு முட்டி, தண்ணீர் கெட்டு, குறுகி, சிவந்து, எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்து எவ்வளவு அழகு என்று இவள் அழுதாள். ஒரு ஜீவனின் கஷ்டத்துக்கு லத்தீனில் பெயர் வைத்துவிட்டோமே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அப்படியே சில நாள் போயிற்று. ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. வடகிழக்குப் பருவமழை முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வந்து இறங்கியது. ஷரீஃபுன்னிசா துணி எடுக்க மாடிக்கு ஓடினாள். அங்கே அவளுக்கு முன்னால் அத்தாவுல்லா. நீலத் தார்ப்பாய் ஒன்றை இழுத்து, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு, தன் வரிசையை மூடிக்கொண்டிருந்தார். உயர்ந்த வரிசையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலை, தாடி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அவள் போய்த் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தாள்.

"இழுத்துப் புடி ஷரீஃபா! வேரு அழுகிடும்!" என்று மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"உப்பு கழுவிடும்னு சொல்லுங்க."

அவர் கை நின்றது. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

"எல்லாம் தெரியுங்க. காசிமேட்டுத் தண்ணி. பாத்துட்டேன்."

அத்தாவுல்லா தலையைக் குனிந்துகொண்டார். மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்ற அந்த மனுஷனைப் பார்த்ததும், இத்தனை நாள் அடக்கிவைத்த கோபம் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒரு பொண்ணோட ரெண்டு வருஷ வேலைங்க! என்னால அது குப்பைக்குப் போவப் பாத்துது. நானும் வாய மூடிகினு இருந்தேன். எதுக்கு? உங்க பேருக்கா? டீக்கடையில காட்டிகினு திரியறதுக்கா?"

"என் பேரா?" என்றார் அத்தாவுல்லா. நிஜமாகவே ஆச்சரியப்பட்ட குரல். "என் பேரு இன்னா பெரிய பேரு? புஸ்தகத்துல எப்பிடி எழுதிக்கீது, ஞாபகம் கீதா? சுவேடா அத்தாவுல்லாஹி, அத்தோட பக்கத்துலயே ஷரீஃபுன்னிசா."

"அது வழக்கங்க. இனத்தோட பேருக்குப் பின்னாடி, பேரு வெச்சவங்க பேரை எழுதணும்."

"அதான். ரெண்டு பேரு பேரும் ஒரே வரியில கீது." அவர் முகத்தில் வழிந்த தண்ணீரை உள்ளங்கையால் வழித்தார். "புள்ள குட்டி இருந்தா ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல போட்டிருப்பாங்க, அப்பா பேரு இது, அம்மா பேரு இதுன்னு. அல்லா நமக்குக் குடுக்கல. சரின்னு இருந்தோம். இது ஒண்ணுதான் ஷரீஃபா, நம்ம ரெண்டு பேரையும் சேத்து எழுதினது. அதையும் அழிச்சிடுவாங்கன்னா மனசு கேக்கல."

இத்தனை வருஷம் அவர் ஒரு தடவைகூட இதைப் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. தார்ப்பாயின் முனையை அவள் விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் விட்டார். காற்று அதைச் சுருட்டி மூலையில் தள்ளியது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். தொட்டிகள் நிரம்பி, ஓரத்தில் செம்மண் தண்ணீர் வழிந்து, மாடி முழுக்க ஓடியது. துறைமுகம் தெரியவில்லை, மணலி தெரியவில்லை. எதிர் வீட்டு மாடியில் ரஹீமுன்னிசா துணியை அள்ளிக்கொண்டே, "இன்னாக்கா, ரெண்டு பேரும் மழையில நின்னுகினு கீறீங்க, ஜொரம் வந்துடும்!" என்று கத்தினாள்.

அந்த மழை விட்டு விட்டு மாசக் கணக்கில் பெய்தது. மழை நின்ற நாட்களில் அத்தாவுல்லாவே குழாய்த் தண்ணீர் ஊற்றினார். யாரும் சொல்லவில்லை. சிவப்பு மெல்ல வெளுத்து, ஒரு நாள் காலை பார்த்தால் நுனியெல்லாம் பச்சை. பிறகு படுத்திருந்த தண்டு ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கியது. தூக்கத்திலிருந்து எழுந்து சோம்பல் முறிப்பது போலத்தான் இருந்தது. அத்தாவுல்லா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "என் முட்டியத் தாண்டிடுச்சு," என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் வளர்ந்த பிள்ளையைப் பார்க்கிறவர் குரலும் அதில் இருந்ததை ஷரீஃபுன்னிசா கவனித்தாள்.

அவள் ஜூடிக்குப் போன் செய்தாள். "உன் கணக்குதான் சரி. ரெண்டும் ஒண்ணுதான்."

"மேடம், அன்னைக்கு சின்னதா இருக்குன்னு சொன்னீங்களே?"

"உப்பு ஏறியிருந்தது. எங்க வீட்ல ஒருத்தர் கடல் தண்ணி ஊத்திட்டாரு. எனக்கு அது தெரிஞ்ச பிறகும் சில நாள் உன்கிட்ட மறைச்சேன். என்னை மன்னிச்சுடும்மா."

"சார் ஊத்தினாரா?" என்றாள் ஜூடி. அவளுக்கு அத்தாவுல்லாவைத் தெரியும். படிக்கிற காலத்தில் அவர் மொபெட்டில் உட்கார்ந்து அவளும் எண்ணூருக்குப் போனவள்தான். "நாம சேர்ந்தே எழுதலாம் மேடம்," என்றாள்.

கட்டுரை முடிந்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் ஷரீஃபுன்னிசா ஒரு வேலையை வைத்திருந்தாள். அதற்கு அத்தாவுல்லாவையும் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே உலர்செடி அறை என்று ஒன்று உண்டு. பரணிலிருந்து தரை வரை இரும்பு அலமாரி. ஒவ்வொன்றிலும் அழுத்திக் காயவைத்து, காகிதத்தில் ஒட்டிய செடிகள். அந்த அறைக்குள் சாயங்காலமும் காலையும் ஒன்றுதான், ஜன்னலைத் திறக்கமாட்டார்கள். பூச்சி வராமல் இருக்கப் போட்ட ரசகற்பூர வாசனை. யாரோ தூங்குகிற வீட்டுக்குள் வந்துவிட்டவர் மாதிரி அத்தாவுல்லா குரலைத் தாழ்த்திக்கொண்டார். புதுப் பெயருக்கு ஆதாரமான செடியை மட்டும் வைக்கிற ஒரு சிவப்பு உறையை அவள் எடுத்துவந்து மேஜையில் வைத்துப் பிரித்தாள். உள்ளே அந்தச் சாம்பல் வெளிச் செடி, இன்னும் லேசாகச் சிவப்பு மிச்சம் இருந்தது. கீழே வலது மூலையில் ஒரு சீட்டு, அவள் கையெழுத்து.

அவள் கைப்பையிலிருந்து பசையையும் ஒரு புதுச் சீட்டையும் எடுத்தாள். அத்தாவுல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கிழிக்கிறதை நான் பாக்க வேணாம். வெளியில நிக்கறேன்."

"யாருங்க கிழிக்கப் போறா?"

"பழைய சீட்டை?"

"கிழிக்கக் கூடாது. எங்க வழக்கம் அப்படி. தப்புன்னு தெரிஞ்சாலும் பழைய சீட்டைத் தொடக் கூடாது. இது சாதா உமிரிதான்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, பக்கத்துல ஒட்டணும். அவ்வளவுதான். இந்தச் சிவப்பு உறையும் மாறாது. இனிமே உலகத்துல எவன் உமிரியைப் பத்தி முழுசா எழுதினாலும், அது பேருக்குக் கீழ இதையும் எழுதியே ஆகணும். இப்படியும் ஒரு பேரு வெச்சாங்க, அது செல்லாதுன்னு."

அத்தாவுல்லா திரும்பி வந்தார். "செல்லாதுன்னா?"

"செல்லாதுன்னுதான். ஆனா வரி அப்படியே இருக்கும்."

அவர் மேஜைமேல் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தும் அந்த இங்கிலீஷ் கூட்டெழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. அவள் புதுச் சீட்டின் நான்கு மூலையிலும் பசை தடவினாள். அவர் காகிதம் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒட்டி, விரலால் அழுத்தி, அது காய்கிற வரைக்கும் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தன் கையாலேயே தன் ஒரே இனத்தை இல்லை என்று எழுதிவிட்டாள் ஷரீஃபுன்னிசா. வலிக்கத்தான் செய்தது.

"அந்தப் பழைய சீட்டைக் கொஞ்சம் படியேன்," என்றார் அத்தாவுல்லா.

அவள் ஊர், நாள், மண் என்று மேலேயிருந்து ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் வேணாம். அந்த ஒரு வரிய மட்டும்."

"சுவேடா அத்தாவுல்லாஹி, ஷரீஃபுன்னிசா."

"இன்னொரு வாட்டி," என்றார்.

அவள் அவர் தோளில் கையை வைத்து, நிதானமாக மறுபடியும் படித்தாள்.